பத்துப் புருவங்களுக்குப் பிளாஸ்திரி

ஒரு மனிதனை அடுத்த மனிதனிடமிருந்து பிரித்துக் காட்டுவதுதான் சலூன் தொழிலின் சாரம். மூக்கும் முழியும் பிறந்தபடியே இருந்துவிட்டுப் போகட்டும். கிருதாவை அரை விரல் இறக்கி, மீசை நுனியைச் சற்றே மேலே ஏற்றிவிட்டால் போதும், தபால் பிரிக்கிற குமாஸ்தாவும் கண்ணாடியில் தன்னைப் பார்த்து ஒரு நொடி படைத்தலைவன் என்று நம்பிவிடுவார். சலூன்காரர் இந்த நம்பிக்கையைப் பல வருடங்களாக விநியோகித்து வந்தவர். அதே கையை, கடைக்கு எதிரே இருந்த ஜெயிலுக்குள் அவ்வப்போது கூப்பிட்டு, பத்துப் பேரை ஒரே ஆளாக ஆக்கித் தரும்படி கேட்டது அரசாங்கம். கற்ற தொழிலைத் தலைகீழாகச் செய்யச் சொன்னால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். அவருக்குப் பிரமிப்பு வந்தது.

அடையாள அணிவகுப்பு என்று அதற்குப் பெயர். அணிவகுப்பு என்றதும் வாத்தியமும் கொடியும் நினைவுக்கு வந்தால் அது நம் தவறு. ஜெயிலின் உள்முற்றத்தில், சுண்ணாம்படித்த சுவரை ஒட்டி, பத்து ஆண்கள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். ஒருவன் மேல் வழக்கு. மற்ற ஒன்பது பேரும் வேறு வேறு காரணங்களுக்காக உள்ளே இருப்பவர்கள். இந்தக் குற்றத்தைப் பொறுத்தவரை பச்சைக் குழந்தைகள். சாட்சி வந்து, வரிசையைப் பார்த்து, இவன்தான் என்று தொட்டுக் காட்ட வேண்டும். காட்டினால் வழக்கு எழுந்து நிற்கும். காட்டாவிட்டால் பெரும்பாலும் படுத்துவிடும்.

முன்பு ஒரு தடவை, கன்னம் வரை மீசை வைத்திருந்த ஒருவனை, மழுங்கச் சவரம் செய்த ஒன்பது பேருக்கு நடுவே நிறுத்திவிட்டார்கள். வந்த மாஜிஸ்திரேட், இது அணிவகுப்பா கண்காட்சியா என்று கேட்டுவிட்டு வந்த வண்டியிலேயே திரும்பிப் போய்விட்டார். அன்று சாயங்காலம் ஜெயிலர் மதிலுக்கு வெளியே வந்து நின்று தெருவை மேலும் கீழும் பார்த்தார். நேர் எதிரே சலூன்.

அதிலிருந்து, வழக்குக்கு உரியவனின் மீசை மெலிதாக இருந்தால் மற்ற ஒன்பது மீசைகளும் மெலிந்தன. அவன் கன்னத்தில் மரு இருந்தால் பத்துக் கன்னங்களிலும் அதே இடத்தில் ஒரு பிளாஸ்திரி ஏறியது. மரு இருப்பவனும் இல்லாதவனும் ஒன்றாக மறைந்தார்கள்.

முதல் தடவை உள்ளே போனபோது பார்த்ததின் பிரமிப்பு சலூன்காரருக்குக் கடைசிவரை ஆறவில்லை. அப்போது புதிதாக வந்திருந்த மாஜிஸ்திரேட் அம்மா, தீராத ஜலதோஷக்காரர், கைக்குட்டைக்குள்ளிருந்தே பேசினார். "போலீஸ்காரங்க எல்லாரும் வெளியில போங்க" என்றார். போனார்கள்! முழங்கால் போட்டுவிட்டு எழுந்த பிள்ளைகள் மாதிரி தொப்பியைத் தடவிக்கொண்டே போனார்கள். பிறகு அந்த அம்மா, முந்தின வாரம் முழுக்க ஸ்டேஷனில் 'டேய்' என்பதைத் தவிர வேறு பெயர் இல்லாதிருந்த ஒருவனைப் பார்த்து, "நீங்க எந்த இடத்துல நிக்கணும்னு நினைக்கிறீங்களோ அங்கே நில்லுங்க. யார்கிட்டயாவது சட்டை மாத்திக்கணும்னாலும் மாத்திக்கலாம்" என்றார். அவன் ஐந்தாவதாக நின்றான். மனசு மாறி இரண்டாவதுக்கு வந்தான். யாரும் அவனை அதட்டவில்லை. காதோடு சேர்த்து அறைந்ததும் அரசாங்கம்தான், 'நீங்க' போட்டதும் அரசாங்கம்தான். ஒரே உடம்பில் வலது கைக்கும் இடது கைக்கும் நடுவே இவ்வளவு தூரமா என்று சலூன்காரர் சோப்புத் தூரிகையோடு வாயைப் பிளந்து நின்றார்.

இதை அவர் சொன்னபோது அவருடைய அக்கா தட்டில் கரண்டியை ஓங்கி வைத்தாள்.

"திருடனுக்கு மாப்பிள்ளை மரியாதையா?"

"அவன் திருடனான்னு தெரியாதே அக்கா. அதுக்குத்தானே நிறுத்தறாங்க."

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அக்காவுக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஏதேனும் இருந்ததாகத் தகவல் இல்லை. கேள்விப்படாத ஊருக்கு வழி கேட்டாலும் கையை நீட்டி ஒரு திசையைக் காட்டுவாள். காட்டுகிற வேகத்தைப் பார்த்துக் கேட்டவர் கும்பிட்டுவிட்டு நடப்பார். அவர்களில் யாரும் திரும்பி வந்து புகார் சொன்னதில்லை என்பதால் அவள் பெயரும் கெடவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்தாள். புருஷன் போனபிறகு பள்ளிக்கூடச் சீருடை தைத்துத் தன் காலில் நின்றவள். சலூன்காரருக்குக் கல்யாணப் பேச்சு எழுந்தபோதெல்லாம் கடையில் யாராவது பாதிச் சவரத்தோடு காத்திருந்தார்கள். அப்படியே வயது போய்விட்டது. அதனால் இரவுச் சாப்பாடும் திட்டும் அக்கா வீட்டில்.

அவள் கழுத்திலிருந்த சங்கிலி போனது ஒரு மாலை நேரத்தில், தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வரும்போது. மோட்டார் சைக்கிளில் பின்னாலிருந்து வந்தவன் பிடித்து இழுத்தான். சட்டென்று அறுந்திருந்தால் சங்கிலியோடு போயிருக்கும். நல்ல உறுதியான சங்கிலி. அறுவதற்கு முன் அவளையும் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போயிற்று. வலது மணிக்கட்டு முறிந்தது. அவன் ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். மெல்லிய மீசை. இடது புருவத்தின் நடுவே முடியில்லாமல் ஒரு வெட்டு. அவ்வளவுதான் அவள் பார்த்தது. மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், எலும்பு கூடிவிடும், பெரிய கத்தரிக்கோலைப் பிடிக்க முடியுமா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார். டாக்டரின் 'பிறகு பார்க்கலாம்' எந்த ஜாதி என்பது எல்லோருக்கும் தெரியும்.

சில வாரங்கள் கழித்து போலீஸ் ஸ்டேஷன் ஏட்டு சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

"புருவத்தைப் பிடிச்சாச்சுய்யா."

"யாரை?"

"ஸ்டேஷன்ல அவனுக்கு அதான் பேரு. உங்க அக்கா சொன்னாங்கல்ல, இடது புருவத்துல வெட்டுன்னு. அவனேதான். ஒத்துக்கிட்டான்."

சலூன்காரர் கத்தி தீட்டுவதை நிறுத்தினார். "எப்படி ஒத்துக்கிட்டான் ஏட்டய்யா?"

"கேட்டோம். ஒத்துக்கிட்டான்."

"கேட்டதுமேவா?"

"யோவ், இப்படிக் கழுத்துல கத்தியை வெச்சுக்கிட்டு நீ கேட்டா நான்கூட ஒத்துக்குவேன். வேலையைப் பாரு."

நுரைக்குள்ளிருந்து ஏட்டு தன் கஷ்டத்தைச் சொன்னார். ஸ்டேஷனில் ஒத்துக்கொண்டது கோர்ட்டில் நிற்காது. சங்கிலியை உருக்கிவிட்டார்கள், அதுவும் கையில் இல்லை. "உங்க அக்கா கையைக் காட்டினாத்தான் உண்டு. இல்லைன்னா சிரிச்சுக்கிட்டே வெளியே வருவான். வந்து அடுத்த தெருவுல இன்னொரு பொம்பளையைத் தரையில தேய்ப்பான். மாஜிஸ்திரேட் அம்மா கார்ல போறாங்க. தெருவுல நடக்கிறது நானும் உங்க அக்காவும்தான்யா."

ஏட்டைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். ஆனால் அன்று தரையில் கிடந்தவளைத் தூக்கி ஆட்டோவில் வைத்து, ஆஸ்பத்திரி வரை அவள் கையைத் தன் மடியில் ஆடாமல் ஏந்திப் போனவர் அவர்தான். அறைந்த கையும் ஏந்திய கையும் ஒரே ஆளுடையவை. சலூன்காரர் இதற்கும் பிரமிக்க வேண்டியிருந்தது.

"சாட்சி என் அக்கா. நான் எப்படி உள்ளே வந்து வேலை செய்யறது?"

"உன் அக்கான்னு ஜெயில்ல யாருக்கும் தெரியாது." ஏட்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். "எனக்கும் தெரியாது."

அன்று சாப்பாட்டு நேரத்தில் அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"பத்துப் பேருக்கும் நீதானே ஒட்டப்போறே?"

"ஆமா."

"அவனுக்கு மட்டும் கொஞ்சம் கோணலா ஒட்டு."

"அக்கா!"

"என்னடா அக்கா? ரொம்பவா கேட்டேன்? ஒரு பிளாஸ்திரி."

"நீதான் அவனைப் பார்த்தியே. பார்த்த முகத்தைக் காட்டு. அதுக்கு எதுக்குக் கோணல்?"

"பார்த்தேன்டா. கண்ணை மூடினா அவன்தான் வந்து நிக்கிறான். ஆனா அவன் முகத்துல எனக்குப் பிடிபட்டது அந்தப் புருவம் ஒண்ணுதான். அதையும் நீ மூடிடுவே. மூடிட்டுக் கண்டுபிடின்னா, நான் என்ன மந்திரவாதியா?"

இதற்குப் பதில் சட்டத்திடம் இருந்திருக்கலாம், அது அப்போது சாப்பிட வந்திருக்கவில்லை.

"அங்கே அப்படி எல்லாம் செய்யக்கூடாதுக்கா. அந்த அம்மா ஒவ்வொண்ணையும் பார்த்துப் பார்த்து…"

"அந்த அம்மாவுக்குக் கை நல்லா இருக்கில்ல? பார்க்கட்டும்."

பிறகு அவள் பேசவில்லை. பேசாமல் இருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. அதைச் செய்கையில் வேறு ஆள் மாதிரி இருந்தாள். பெரிய கத்தரிக்கோலை இடது கையில் எடுத்து, மேஜையில் கிடந்த நீலத் துணியை வெட்டிப் பார்த்தாள். கோடு ஒரு பக்கம் போக, கத்தரி ஒரு பக்கம் போயிற்று. துணியை மடித்து வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. சலூன்காரரும் கத்தரிக்கோலால் பிழைப்பவர். அந்த வெட்டைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் ஆகவில்லை.

"மேல் நுனி காதுப் பக்கம் சாய்ஞ்சிருக்கும்" என்றார்.

அணிவகுப்பு நாளில் ஜெயில் முற்றம் வழக்கம்போலப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, மேஜை போட்டிருந்தது. மாஜிஸ்திரேட் அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "இங்கே இருக்கிற யாருக்காவது இந்த வழக்கோட சம்பந்தம் இருக்கா? சாட்சிக்கு வேண்டியவங்க யாராவது?" எத்தனையோ தடவை கேட்ட கேள்வி. ஜெயிலர், வார்டர்கள், சலூன்காரர் எல்லோரும் இல்லையென்று தலையாட்டுவார்கள். அன்று சலூன்காரரின் தலை, அவரைக் கேட்காமலே, பழக்கத்தில் ஆடிவிட்டது.

ஒன்பது பேர் தயாரானார்கள். கடைசியாகப் புருவம் வந்து உட்கார்ந்தான். பயந்து ஒடுங்கிய ஒருவனை எதிர்பார்த்திருந்தார் சலூன்காரர். இவன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டான்.

"மீசையைப் பார்த்து எடுங்கண்ணே. என்கிட்ட இருக்கிற ஒரே சொத்து அதுதான்."

இருக்கிற சொத்து அதுதான் என்றால், அக்காவின் சங்கிலி என்ன ஆயிற்று? தாடையைத் திருப்பியபோது காதுக்குப் பின்னால் ஒரு வீக்கம் பழுத்துக் கிடந்தது. ஸ்டேஷனில் கேட்ட விதம் அது. சலூன்காரர் அதைப் பார்த்தார். நீலத் துணியையும் நினைத்துக்கொண்டார். பிளாஸ்திரியைக் கிழித்து இடது புருவத்தின் மேல், மேல் நுனி காதுப் பக்கம் சாயும்படி ஒட்டினார். மயிரிழை அளவு. அக்காவைத் தவிர உலகத்தில் யாருக்கும் அது ஒரு செய்தி அல்ல.

"அந்தக் கண்ணாடியை அவர்கிட்டக் குடுங்க" என்றார் மாஜிஸ்திரேட் அம்மா. பிறகு புருவத்திடம், "முதல்ல உங்க முகத்தைப் பாருங்க. அப்புறம் மத்தவங்களைப் பாருங்க. உங்களை மட்டும் தனியாக் காட்டற மாதிரி ஏதாவது இருந்தாச் சொல்லுங்க."

அவன் கைக்கண்ணாடியோடு வரிசை நெடுகப் போனான். ஒவ்வொரு முகத்தின் முன்னும் நின்று, அதைப் பார்த்து, கண்ணாடியைப் பார்த்து, மறுபடி அதைப் பார்த்தான். ஜெயிலர் கொட்டாவியை விழுங்கினார். மாஜிஸ்திரேட் அம்மா அவசரப்படுத்தவில்லை. வெளியே சாட்சி, போலீஸ், வண்டி, உள்ளே அதிகாரிகள், வார்டர்கள் என்று ஒரு பெரிய யந்திரம் முழுவதும், ஒரு சங்கிலித் திருடன், அல்லது சங்கிலித் திருடன் அல்லாதவன், தன் முகத்தைப் பார்த்து முடிக்கட்டும் என்று நின்று காத்திருந்தது. பெரிய மனிதர்களுக்குக்கூட யாரும் இப்படிக் காத்திருந்து சலூன்காரர் பார்த்ததில்லை.

"இது கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு மேடம்" என்றான் புருவம். "மத்தவங்களுக்கு நேரா இருக்கு. அண்ணன் அவசரத்துல ஒட்டிட்டார் போல."

"நேரா ஒட்டிடுங்க" என்றார் அம்மா, எழுதிக்கொண்டே.

சலூன்காரர் நேராக ஒட்டினார். "தேங்க்ஸ்ணே" என்றான் அவன். நன்றி சொல்லாமல் கடையை விட்டு எழுந்து போகிறவர்களையே பார்த்துப் பழகியவருக்கு அந்த ஒரு சொல் தாங்கவில்லை.

சாட்சி வருமுன், சந்தேக நபரைத் தொட்டவர்கள் யாரும் முற்றத்தில் இருக்கக் கூடாது. சலூன்காரரை ஒரு வார்டரோடு பக்கத்து அறையில் வைத்துச் சாத்தினார்கள். கம்பி வைத்த ஜன்னல் ஒன்று இருந்தது. அவர் மனசுக்குள் சமாதானம் செய்துகொண்டார்: கோணல் எங்கேயும் இல்லை, அக்கா தேடுவாள், கிடைக்காது, வீட்டுக்கு வந்து உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். வாங்கிக்கொள்ளலாம்.

அப்போதுதான் வரிசையின் கடைசிக்கு முன்னால் நின்ற லாரி கிளீனர், அடிதடி ஒன்றில் மாட்டி உள்ளே வந்தவன், புருவம் அரிக்கிறதென்று சொறிந்தான். வியர்வையில் ஊறியிருந்த பிளாஸ்திரி நழுவி, மேல் நுனி காதுப் பக்கம் சாய்ந்தது.

அக்கா உள்ளே வந்தாள். மாவுக்கட்டுக் கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டபடி, ரொம்பச் சின்னவளாகத் தெரிந்தாள்.

"நீங்க பார்த்தவர் இந்த வரிசையில இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார் மாஜிஸ்திரேட் அம்மா. "அவசரம் இல்லை. தெரிஞ்சா தொட்டுக் காட்டுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. அதுவும் பதில்தான்."

அக்கா நடந்தாள். முதல் முகம், இரண்டாவது, மூன்றாவது. நான்காவதாகப் புருவம் நின்றான். மற்றவர்களைக் கடந்ததுபோல அவனையும் கடந்தாள். கிளீனர் முன்னால் வந்து நின்றாள். அவள் கண் அவன் நெற்றிக்கு ஏறியதைச் சலூன்காரர் பார்த்தார். இடது கை மெல்ல எழுந்தது.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தார். 'அக்கா, அவன் இல்ல' என்று கத்தினால் ஒரு அப்பாவி பிழைப்பான். ஆனால் அதுவும் சாட்சிக்கு ஜாடை காட்டுவதுதான். முதல் தப்பைத் துடைக்க அதே தப்பை இன்னொரு தரம் செய்ய வேண்டியிருந்தது. இதற்குள் இவ்வளவும் யோசித்தாரா என்றால் இல்லை. திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

அக்கா கிளீனரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கையைத் தொங்கவிட்டாள். கடைசி ஆள்வரை போனாள். திரும்பி முதலிலிருந்து வந்தாள். மறுபடி கிளீனர் முன்னால் நின்று, முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"இந்தத் தம்பி இல்லம்மா. பிளாஸ்திரி கோணலாத்தான் இருக்கு. ஆனா இவன் இல்ல. என் தம்பி ஆள் மாத்தி ஒட்டிட்டான்."

ஜெயிலர் எழுந்து நின்றார்; எதற்கு என்று தெரியாமல் உட்கார்ந்தார். மாஜிஸ்திரேட் அம்மாவின் கைக்குட்டை மூக்குக்குப் போகும் வழியில் நின்றது.

"உங்க தம்பியா?"

"சலூன்காரன்மா. நான்தான் கோணலா ஒட்டுடான்னேன். அவன் மேல தப்பில்ல." கொஞ்சம் யோசித்தாள். "தப்புதான். ஆனா நான் சொல்லித்தான் செஞ்சான்."

"அப்ப ஏன் இவரைக் காட்டலை? இவர்தான்னு அடையாளம் இருந்ததே?"

"எப்படிம்மா காட்டறது? பிளாஸ்திரி ஆமாங்குது. எனக்கு ஆமான்னு வரலையே."

"மத்தவங்கள்ல?"

அக்கா வரிசையை இன்னொரு தரம் பார்த்தாள். "மூணு நாலு பேர் அவனை மாதிரி இருக்காங்க. மாதிரி இருக்கிறவனைப் பிடிச்சுக் குடுக்கவா கையை ஒடிச்சுக்கிட்டு வந்தேன்? தெரியலம்மா."

அது கம்பிக்குப் பின்னால் நின்ற சலூன்காரருக்கும் கேட்டது. 'தெரியல' என்பது அவள் வாயிலிருந்து அவர் பிறந்ததிலிருந்து கேட்காத சொல். அவள் அதைச் சொன்ன இடம், அவள் கையை ஒடித்தவன் நிற்கக்கூடிய இடத்திலிருந்து கைக்கெட்டும் தூரம். அவளுக்கு வேண்டிய பழி அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவன் மேல் விரலை வைத்தால் போதும். ஏட்டு மெச்சியிருப்பார், தெரு மெச்சியிருக்கும். இத்தனை அதிகாரிகளும் கண்ணாடியும் கேள்விகளுமாகச் சேர்ந்து காப்பாற்றப் பார்த்த ஒன்றை, கடைசியில் முறிந்த கையோடு ஒரு பொம்பளை தனியாகக் காப்பாற்றினாள். ஆனால் அவர்கள் அத்தனை பேரும் ஒதுங்கி நின்று அவளை யோசிக்க விட்டதால்தான் அவளால் முடிந்தது. இரண்டில் எதற்கு வியப்பது என்று அவருக்குப் புரியவில்லை, இரண்டுக்கும் வியந்தார்.

அவரை வெளியே கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சம்பந்தம் இருக்கான்னு கேட்டேனே?"

"கேட்டீங்கம்மா."

"என்ன சொன்னீங்க?"

"தலையை ஆட்டினேன்."

"எப்படி?"

"இல்லைன்னு."

அதையும் எழுதினார். எழுதிய அத்தனையையும் புருவத்துக்குப் படித்துக் காட்டி, "புரிஞ்சுதா? ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். அவன் சலூன்காரரைப் பார்த்துச் சிரித்தான்.

"அப்ப அது அவசரத்துல ஒட்டினது இல்லையாண்ணே?"

அணிவகுப்பு செல்லாது என்று ஆயிற்று. வேறொரு சாட்சியும் இல்லாததால் புருவம் ஜாமீனில் வெளியே வந்தான். சலூன்காரரைக் கோர்ட்டில் நிறுத்தி எச்சரித்து அனுப்பினார்கள். ஜெயில் வேலைக்கு வேறு கடைக்காரர் வந்தார். ஏட்டு சில வாரங்கள் பக்கத்துத் தெருச் சலூனுக்குப் போனார். அங்கே தாடையில் இரண்டு இடம் வெட்டுப்பட்டபின், கோபத்தை விடாமலே திரும்பி வந்தார்.

அப்படி வந்த ஒரு காலையில், நுரை போடும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார். "அடுத்த தெருவுல நேத்து ஒரு டீச்சரம்மா. சங்கிலி. தோள்பட்டை இறங்கிடுச்சு."

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "அவனா?"

"ஹெல்மெட் போட்டிருந்தான். அவங்க முகத்தையே பார்க்கலை."

"புருவம் எங்க இருந்தானாம்?"

"வீட்டுல இருந்தேங்கிறான். திருடினவனும் வீட்டுலதான் இருந்தேம்பான், திருடாதவனும் வீட்டுலதான் இருந்தேம்பான். நான் என்னய்யா பண்ணட்டும்?" கண்ணாடியில் அவர் முகம் களைத்திருந்தது. "இந்தத் தடவை நான் கை வைக்கலை. உங்க அக்காகிட்டச் சொல்லு."

சலூன்காரர் சொன்னார். சேதி ஏற்கெனவே அக்காவுக்கு எட்டியிருந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "வா" என்றாள்.

டீச்சர் கட்டிலில் சாய்ந்திருந்தார். வந்தது யார் என்று தெரிந்ததும், வீட்டார் ஒருவர் பின் ஒருவராக உள்ளறைக்குப் போய்விட்டார்கள். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"அன்னிக்கு நீ கையைக் காட்டியிருந்தா எனக்கு இது நடந்திருக்குமா?"

சலூன்காரர் வாசற்படியிலேயே நின்றுகொண்டார். அக்கா வாயைத் திறப்பாள், தெருவே கேட்கப் பேசுவாள் என்று பார்த்தார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நடக்காம இருந்திருக்கலாம் டீச்சர். அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். திட்டணும்னா திட்டிடுங்க."

டீச்சர் திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. "உன் கை கூடிடுச்சா?" என்றார்.

"மூடித் திறக்க வருது. கத்தரி பிடிக்க வரலை."

"எனக்கு மேலே தூக்கவே வரலை."

உள்ளறையிலிருந்து யாரோ ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

திரும்பும்போது வேலை விட்டு வருகிற நேரம். தெரு முழுக்க ஆண்கள்: நடந்து, சைக்கிளில், மோட்டார் சைக்கிளில். அக்கா ஓரமாக நடக்கவில்லை. எதிரே வந்த ஒவ்வொருவன் முகத்தையும் நிமிர்ந்து பார்த்தாள். மெல்லிய மீசைகள் எத்தனையோ வந்தன. ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்து, பக்கத்தில் வந்து, கடந்தது. அவள் உடம்பு ஒரு கணம் விறைத்தது, கண் மட்டும் அவன் நெற்றியிலிருந்து தாடை வரை பொறுமையாக இறங்கியது. பார்த்து முடித்தாள். அவனைப் போகவிட்டாள். அடுத்தவனைப் பார்த்தாள். அவனையும் போகவிட்டாள். ஒரு எட்டுப் பின்னால், அவளை முந்திக்கொள்ளத் துணியாமல், சலூன்காரர் வந்துகொண்டிருந்தார்.